வழிப்போக்கர் அறைக்கு வரி

உலகின் பல நகரங்களில் இந்நாட்களில் ஒரே விவாதம் நடைபெற்று வருகிறது. ஊர் பார்க்க வருகிற ஒருவர், தாம் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும், அறை வாடகைக்கு மேலாக அந்த ஊருக்கென்று ஒரு தொகை செலுத்த வேண்டுமா, வேண்டாமா என்பதே அவ்விவாதம். ஜப்பானின் தலைநகரான டோக்கியோ 2002 ஆம் ஆண்டிலேயே இப்படியொரு வரியைத் தொடங்கிவிட்டது. துபாய் 2014 மார்ச் மாத இறுதியில் ‘சுற்றுலா திர்ஹம்’ என்ற பெயரில், விடுதியின் தரத்திற்கேற்ப அறை ஒன்றுக்கு இரவொன்றுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை வாங்கத் தொடங்கியது. மலேசியா 2017 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அறை ஒன்றுக்கு இரவுக்கு 10 ரிங்கிட் என்று விதித்தது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உறவினர் உள்ள நம் குடும்பத்தார் பலர், விடுதியில் தங்கியிருந்தால், இதைக் கொடுத்திருப்பார்கள். இத்தாலியின் வெனிஸ் நகரமோ ஒருபடி மேலே சென்று, இரவு தங்காமல் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவரிடமும் குறிப்பிட்ட நாட்களில் 5 யூரோ வாங்கும் முறையை 2024 ஏப்ரலில் கொண்டு வந்தது.

வரி வேண்டும் என்போர் கூறுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. பத்தாயிரம் பேர் வாழும் ஊருக்கு ஐம்பதாயிரம் பேர் வந்து போனால், குடிநீரும் குப்பையும் சாலையும் யார் தலையில் விழும்? ஊர்க்காரர் செலுத்தும் வரியில் வந்தவர் அழுக்கை எத்தனை நாள் கழுவுவது? நம் மாநிலத்தில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் முன்பதிவுச் சீட்டு பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்ததும் இந்தத் தொல்லையால்தான். வேண்டாம் என்போர், வருகிறவரின் பணத்தால்தானே விடுதியும் உணவகமும் வாடகை வண்டியும் பிழைக்கின்றன, வாசலிலேயே கையை நீட்டினால் அவர் அடுத்த ஊருக்குப் போய்விட மாட்டாரா என்று கேட்கிறார்கள். இதுவும் பொருட்படுத்தத் தக்க வாதமே.

எனினும், இந்த இரு சாராரும் தம் பேச்சில் ஒரே மனிதரைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் கையில் புகைப்படக் கருவி வைத்திருப்பவர், விடுமுறையில் இருப்பவர், செலவழிக்கவென்றே வீட்டை விட்டுப் புறப்பட்டவர். வெனிஸுக்கு அவர் பொருந்தலாம். நம் விருதுநகர் மாவட்டத்துக்கு அவர் பொருந்துவாரா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊர் பார்க்க வருவோர் இந்த மாவட்டத்துக்கும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைக் காண வருவோரும், அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சதுரகிரி மலை ஏறுவோரும், சாத்தூரை அடுத்த இருக்கன்குடிக்கு ஆடி மாதத்தில் திரளாக நடந்தே வருவோரும் இருக்கிறார்கள். விருதுநகரில் காமராசர் வாழ்ந்த எளிய இல்லத்தைப் பார்த்துச் செல்வோரும், 2022 இல் வெம்பக்கோட்டையில் அகழாய்வு தொடங்கிய பின்னர் அதன் பொருட்டு வருவோரும் உண்டு. ஆனால் சிவகாசியிலும் விருதுநகரிலும் இரவு நேரத்தில் விடுதிப் பதிவேட்டில் கையெழுத்திடுகிற மனிதர் பெரும்பாலும் வேறு வகையினர். நாட்டின் பட்டாசு உற்பத்தியில் மிகப்பெரும் பங்கு சிவகாசி வட்டாரத்தினுடையது என்பது யாவரும் அறிந்ததே. 1922 இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த நாள்தொட்டு, தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில்கள் இந்தக் கரிசல் பூமியைத் தாங்கி வருகின்றன. ஆடிப்பெருக்கன்று புதிய ஆண்டின் நாட்காட்டி மாதிரிகள் வெளியிடப்படும். அதன் பிறகு வெளியூர் முகவர்கள் வந்து பார்த்து, பேசி, முன்பணம் கொடுத்துச் செல்வார்கள். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் வட மாநிலங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பட்டாசு வாங்க வருவோர் தங்குவார்கள். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்த வந்தவர், இயந்திரம் பழுது பார்க்க வந்தவர், கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க வந்த தகப்பனார், தேர்வு எழுத வந்த பெண்ணும் துணைக்கு வந்த தாயும் என்று இவர்களே அந்த அறைகளை நிரப்புகிறவர்கள்.

நம்மவர்களும் இவர்களில் உண்டு. தொழுகை நேர அட்டவணையுடன் கூடிய நாட்காட்டி அடிக்கவும், நிக்காஹ் அழைப்பிதழ் மொத்தமாக வாங்கவும் சிவகாசிக்குச் சென்று ஒரு நாள் தங்கி வந்த ஜமாஅத் நிர்வாகிகளும் கடைக்காரர்களும் தென் மாவட்டங்களில் ஏராளம்.

இன்னொரு வகைப் பயணியையும் இங்கே மறக்கலாகாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நிகழ்ந்த வெடி விபத்துகளை நாடு அறியும். செய்தித்தாளில் நான்கு வரியோடு முடிந்துபோன சிறு விபத்துகளை அந்தந்தத் தெரு மட்டுமே அறியும். கடுமையாகத் தீக்காயம் பட்டவர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படுகிறார். உடன் சென்ற தாயும் மனைவியும் வார்டின் வெளியே துணியை விரித்துப் படுக்கிறார்கள். பத்து நாளான பின், உடல் ஒத்துழைக்க மறுக்கும்போது, உறவினர் எவரேனும் ஓர் அறை எடுத்துக் கொடுக்கிறார், குளிக்கவும் மாற்றுடை உடுத்தவும் முறைவைத்துத் தூங்கவும். எழுநூறு ரூபாய் வாடகையில் மதுரையில் அறை எடுத்த அந்தப் பெண்மணி சுற்றுலாப் பயணியா? சட்டத்தின் பார்வையில், தங்கியவர் என்ற அளவில், அவரும் கொடைக்கானலில் தேனிலவு கொண்டாடுகிறவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இது வெறும் கற்பனையான அச்சம் அன்று. இரவு தங்குவதற்கு வரி என்பது நமக்குப் புதியதும் அன்று. தமிழ்நாட்டில் 1981 ஆம் ஆண்டிலேயே விடுதிகளில் ‘ஆடம்பர’ங்களின் மீது வரி விதிக்கும் சட்டம் வந்தது. அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் ஆடம்பரங்களின் மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்குத் தரப்பட்டிருந்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டு குஜராத், தமிழ்நாடு, கர்நாடகம், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்கள் இயற்றிய சட்டங்களை விடுதி உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். 1989 இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் காலத்து வரியில் ஒரு நல்ல குணம் இருந்தது. பெயரே ஆடம்பர வரி என்பதால், வாடகை ஒரு வரம்பைத் தாண்டிய அறைகள் மட்டுமே அதற்குள் வரும். கயிற்றுக் கட்டிலும் மின்விசிறியும் உள்ள அறையை ஆடம்பரம் என்று எந்த அதிகாரியும் எழுத முடியாதல்லவா!

2017 ஜூலை முதல் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, பழைய ஆடம்பர வரி அதனுள் கரைந்து மறைந்தது. அப்பொழுதும் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த வாடகையுள்ள அறைகளுக்கு வரிவிலக்கு இருந்தது. ஐந்தாண்டுகள் அந்த விலக்கு நிலைத்தது. பின்னர் 2022 ஜூன் இறுதியில் சண்டிகரில் கூடிய வரி மன்றத்தின் 47 ஆவது கூட்டம் அதை நீக்கிவிட முடிவு செய்தது. 2022 ஜூலை 18 முதல் ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட அறைக்கும் 12 சதவீதம் என்றாயிற்று. பொட்டலமிட்ட அரிசிக்கும் தயிருக்கும் 5 சதவீதம் வரி வந்ததும் அதே நாளில்தான். அந்தக் கூக்குரலில் விடுதி அறையைப் பற்றிய பேச்சு அமுங்கிப் போயிற்று. வரிவிலக்குகளைக் குறைத்து வரியின் அடித்தளத்தை விரிவாக்க வேண்டும் என்பது அந்நாளில் கூறப்பட்ட காரணம்.

கணக்கைப் பாருங்கள். எழுநூறு ரூபாய் அறைக்கு 84 ரூபாய் வரி. பத்து நாள் தங்கினால் 840 ரூபாய். அதாவது இன்னொரு நாள் வாடகைக்கும் மேல். 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய 56 ஆவது கூட்டத்தில், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகள் அனைத்துக்கும் 5 சதவீதம் என்று குறைக்கப்பட்டு, செப்டம்பர் 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எழுநூறு ரூபாய் அறைக்கு இப்பொழுது 35 ரூபாய். குறைத்ததை வரவேற்கத்தான் வேண்டும். ஆயினும் இந்தக் குறைப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எழுநூறு ரூபாய் அறைக்கும் ஏழாயிரம் ரூபாய் அறைக்கும் இன்று விகிதம் ஒன்றே. 2022 க்கு முன்னர் முன்னதற்கு வரியே இல்லை. ஏழாயிரம் ரூபாய் கொடுத்துத் தங்குகிறவருக்குத்தான் இந்த ஏற்ற இறக்கத்தின் முடிவில் உண்மையான ஆதாயம். ஏழைப் பயணிக்குப் போனது போனதுதான். அதில் ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவே.

சிறிய விடுதிகளுக்கு விலக்கு இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவைத் தொழிலார் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆனால் இருபது அறைகள் கொண்ட ஒரு சாதாரண விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்கு எழுநூறு ரூபாய். ஆண்டில் பாதி நாள் மட்டுமே நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டாலும் வரவு 25 லட்சத்து 55 ஆயிரம் ஆகிவிடுகிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள நடுத்தர விடுதி எதுவும் இந்த விலக்கின் நிழலில் ஒதுங்க இயலாது.

தொழில் நிமித்தம் தங்குகிறவரைச் சுற்றுலாப் பயணியாகக் கருதலாமா என்ற கேள்வியை ஜெர்மானியர்கள் நீதிமன்றம் வரை கொண்டு சென்றார்கள். அங்கே பல நகரங்கள் இரவு தங்கலுக்கு வரி விதித்தன. 2012 ஜூலையில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், தொழிலின் பொருட்டுத் தங்க நேர்ந்தவரிடம் நகரங்கள் இவ்வரியை வாங்கக் கூடாது, தம் விருப்பத்தின் பேரில் தங்குகிறவரிடம் மட்டுமே வாங்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு பத்தாண்டுகள் நின்றது. 2022 இல் அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம், தொழிற்பயணியிடமும் வாங்கலாம், அதில் சாசன விரோதம் ஏதுமில்லை என்று கூறிவிட்டது. விருப்பத்துக்கும் கட்டாயத்துக்கும் இடையே கோடு கிழிப்பதற்கு 2012 இல் ஒரு நீதிமன்றத்துக்குத் துணிவு இருந்தது. அந்தக் கோடு பிறகு அழிந்தது. ஆனால் டோக்கியோ வேறு வழியைக் கண்டிருந்தது. வந்தவர் எதற்காக வந்தார் என்று கேட்கவே இல்லை. இரவுக்குப் பத்தாயிரம் யென்னுக்குக் குறைந்த அறைக்கு வரி இல்லை என்று 2002 இலேயே விதித்துவிட்டது. மலேசியாவில் முதலில் எல்லாரிடமும் வாங்குவதாக இருந்த திட்டம் கடும் விவாதத்துக்குப் பின் மாற்றப்பட்டு, அந்நாட்டுக் குடிமக்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மனமிருந்தால் எத்தனையோ வழிகள்.

நம் நாட்டில் இந்த வரி பெரும் பேச்சானது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு அருகே சீக்கியர்களின் குருத்வாரா நிர்வாகக் குழு நடத்தும் தங்குமிடங்கள் சிலவற்றில், 2022 ஜூலை 18 முதல் இந்த 12 சதவீதம் வசூலிக்கப்பட்டது. வழிபடச் செல்வோர் குறைந்த கட்டணத்தில் தங்கும் சராய்களுக்கு வரியா என்று பஞ்சாபில் கொந்தளிப்பு எழுந்தது. நாடாளுமன்றத்திலும் குரல் ஒலித்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் ஒரு விளக்கம் வெளியிட்டது. வழிபாட்டுத் தலத்தின் வளாகத்தில், பதிவு பெற்ற சமய அறக்கட்டளை நடத்தும் தங்குமிடங்களில், நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த வாடகையுள்ள அறைகளுக்கான பழைய விலக்கு தொடர்கிறது என்றும், வளாகம் என்பது சுற்றுச்சுவருக்குள் மட்டும் அடங்குவதன்று, வெளியே அடுத்துள்ள இடத்தையும் சேர்த்தே பொருள் கொள்ளலாம் என்றும் அவ்விளக்கம் கூறியது.

சீக்கியச் சகோதரர்கள் வாய் திறந்து கேட்டதால் கிடைத்த விளக்கம் இது. எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. நாகூரிலும் ஏர்வாடியிலும் பதிவு பெற்ற அறக்கட்டளைகள் நடத்தும் தங்குமிடங்களுக்கும், பள்ளிவாசலை ஒட்டி ஜமாஅத்தார் கட்டியுள்ள முஸாபிர்கானாக்களுக்கும் இதே விதிதான். நம் நிர்வாகிகளில் எத்தனை பேர் இதை அறிந்திருக்கிறார்கள்? கணக்கரிடம் ஒரு முறை காண்பித்து உறுதிசெய்துகொள்வது நல்லது. அறக்கட்டளை வருமான வரிச் சட்டத்தின்படி முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். அறை வாடகை ஆயிரத்தை எட்டக் கூடாது. இவ்விரண்டும் முக்கியம். பள்ளிவாசலுக்குத் தொடர்பில்லாமல் தொலைவில் தனித்து நிற்கும் கட்டடத்துக்கு இந்த விலக்கு தானாக வந்துவிடும் என்று எண்ணிவிடவும் கூடாது.

வழிப்போக்கர் விஷயத்தில் நம் மார்க்கம் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். திருக்குர்ஆனின் ஒன்பதாவது அத்தியாயமான தவ்பாவின் அறுபதாவது வசனம் ஸகாத்தைப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைக் கூறுகிறது. எட்டாமவர் ‘இப்னுஸ் ஸபீல்’, அதாவது வழிப்போக்கர். தம் ஊரில் செல்வராக இருந்தாலும், வழியில் கையில் பொருளின்றி நிற்பாரானால் அவர் ஸகாத் பெறலாம் என்பது மார்க்க அறிஞர்கள் தந்த விளக்கம். வாங்கவே உரிமையுள்ளவர் என்று மார்க்கம் கைகாட்டியவரிடம், கொடு என்று கேட்பதற்கு முன் ஒரு கணமேனும் தயங்க வேண்டாமா?

வணிகப் பயணியிடம் வரியே வாங்கலாகாது என்பதன்று இதன் பொருள். அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் காலத்தில் எல்லை கடந்து வரும் வணிகரிடம் தீர்வை வாங்கப்பட்டது. அயல் நாட்டார் நம் வணிகரிடம் பத்தில் ஒரு பங்கு வாங்குகிறார்கள் என்று அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் எழுதிக் கேட்டபோது, அவர்கள் வாங்குவது போலவே அவர்களிடம் வாங்குமாறு கலீஃபா பதில் எழுதினார்கள். ஆனால் இருநூறு திர்ஹத்துக்குக் குறைந்த சரக்குக்கு ஒன்றும் இல்லை. ஒரே சரக்குக்கு ஆண்டில் ஒரு முறைதான். கிறிஸ்தவ வணிகர் ஒருவரிடம் அதே குதிரைக்கு இரண்டாம் முறை தீர்வை கேட்கப்பட்டது. அவர் மக்காவுக்கே சென்று கலீஃபாவிடம் முறையிட்டார். அவர் திரும்பி வருவதற்கு முன்பாகவே, இரண்டாம் முறை வாங்கலாகாது என்ற ஆணை அதிகாரியின் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ இவற்றையெல்லாம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அதே உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 17 இல், மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே வீடுகள் கட்டிக்கொள்ள நீர்நிலைக்காரர்கள் அனுமதி கேட்டபோது, நிழலுக்கும் நீருக்கும் வழிப்போக்கருக்கே முதல் உரிமை என்ற நிபந்தனையின் பேரில்தான் இசைந்தார்கள்.

பிற்காலத்தில் இந்த வேறுபாட்டை மறந்த ஆட்சிகளும் இருந்தன என்பதை மறைப்பானேன்? அந்தலூசியாவிலிருந்து 1183 இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், அலெக்ஸாந்திரியா துறைமுகத்தில் தம்முடன் வந்த பயணிகள் பட்ட பாட்டைத் தம் பயண நூலில் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். ஸகாத் என்ற பெயரைச் சொல்லி அதிகாரிகள் கேட்டார்கள். பொருள் கைக்கு வந்து ஓராண்டு ஆயிற்றா, ஸகாத் கடமையாகும் அளவு இருக்கிறதா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அதற்கு முந்தைய ஆட்சியில் ஹாஜிகள் ஆளுக்கு ஏழரை தீனார் கொடுத்தாக வேண்டியிருந்ததையும், சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி அதை ஒழித்து, அதற்கு ஈடாக மக்காவின் அமீருக்குப் பணமும் கோதுமையும் அனுப்ப ஏற்பாடு செய்ததையும் அவரே போற்றி எழுதுகிறார். வரியை நீக்கியவர் ஸலாஹுத்தீன். நீக்காமல் வைத்திருந்தவர்களும் தொழுகை நடத்தியவர்கள்தாம். இந்தியாவில் பேரரசர் அக்பர் 1563 இல் இந்து யாத்திரிகர்களின் மீதிருந்த வரியை நீக்கினார். பின்னர் வந்த கிழக்கிந்தியக் கம்பெனி பூரியிலும் கயாவிலும் அலகாபாத்திலும் அத்தகைய வரியை வசூலித்து 1840 இல்தான் கைவிட்டது.

இவ்வளவு தூரம் போவானேன்? இரவு தங்கலுக்குக் கட்டணம் வாங்குவது எப்படி என்பதற்கு நல்ல முன்மாதிரி விருதுநகர் மண்ணிலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், அன்றைய இராமநாதபுரம் சீமையின் பாதைகள் கள்வர் பயம் நிறைந்தவை. மாட்டு வண்டியில் சரக்கேற்றி வரும் நாடார் வணிகர்கள் இரவில் பத்திரமாகத் தங்குவதற்கென்று, சுற்றிலும் சுவர் எழுப்பிய பேட்டைகளை அமைத்தார்கள். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தூர், பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் அவர்கள் இவ்வாறு வேரூன்றினார்கள். பேட்டையில் தங்கிச் செல்லும் வணிகர் ஒவ்வொருவரும் தம் சரக்குக்கும் வரவுக்கும் ஏற்ப ‘மகமை’ என்ற தொகையை அங்கே செலுத்தினார். முதலில் அந்தப் பணம் பேட்டையின் சுவருக்கும் கிணற்றுக்கும் காவலுக்கும் போயிற்று. பின்னர் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிற்று. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969 இல் நாடார் சமூகத்தைப் பற்றி வெளியிட்ட நூலில் இந்தப் பேட்டையையும் மகமையையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை இத்தகைய பொதுப் பணத்தாலும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியாலும் வளர்ந்த பள்ளி. பின்னாளில் தமிழகம் முழுதும் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டவர் பிடி அரிசியில் வளர்ந்த பள்ளியிலிருந்து வந்தார் என்பது சும்மா நேர்ந்ததன்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

மகமையை வணிகர்கள் மனம் கோணாமல் கொடுத்ததற்குக் காரணம் என்ன? கொடுத்த பணம் அன்றிரவே அவர்களைக் காவல் காத்தது. சுவர் கண்ணெதிரே நின்றது. கணக்கு உறவின்முறைக் கூட்டத்தில் படிக்கப்பட்டது. இன்றைய 5 சதவீதத்தில் பாதி மத்திய அரசுக்கும் பாதி மாநில அரசுக்கும் செல்கிறது. சிவகாசி மாநகராட்சிக்கோ விருதுநகர் நகராட்சிக்கோ அது நேராக வருவதில்லை. மாநிலம் உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் தொகையின் வழியே சுற்றி வந்தால்தான் உண்டு. நகராட்சிக்கு விடுதிக்காரர் சொத்து வரி தனியே கட்டுகிறார். அறை எடுத்தவர் கொடுத்த முப்பத்தைந்து ரூபாயால் அந்தப் பேருந்து நிலையத்தில் ஒரு கழிப்பிடமேனும் சுத்தமாயிற்று என்று அவரிடம் யாரும் காட்ட முடியாது. சுற்றுலா வரி வேண்டும் என்று வாதிடுகிற அயல்நாட்டு நகரங்கள் குறைந்தபட்சம், வசூலாவது இந்த ஊருக்கே, இன்ன வேலைக்கே என்று சொல்கின்றன. நம் நாட்டில் வரி மட்டும் வந்தது. அந்தச் சொல் வரவில்லை.

ஆகையால் நம் கருத்து இதுதான். பயணியிடம் வாங்குவது தகும், இரண்டு நிபந்தனைகளின் பேரில்: எளிய அறைக்கு விலக்கு வேண்டும், வாங்கியது வாங்கிய ஊரிலேயே பயணிக்குப் பயன்பட வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட அறைக்கு 2022 வரை இருந்த விலக்கை மீண்டும் கொடுக்குமாறு விடுதி உரிமையாளர்கள் மட்டுமல்ல, தங்குகிறவர்களும் கேட்க வேண்டும். ஆயிரம் என்ற வரம்பே 2017 இல் நிர்ணயித்தது. இன்றைய விலைவாசிக்கு அது போதாது என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். நாளை ஏதேனும் ஓர் உள்ளாட்சி, எங்கள் ஊருக்கும் இரவு வரி வேண்டும் என்று கிளம்புமானால், லாரி ஓட்டுநர் படுத்துறங்க ஓர் இடம், அரசு மருத்துவமனை வாசலில் நோயாளியின் உறவினருக்கு ஓர் இரவு விடுதி என்று செலவின் பெயரை முதலில் எழுதிவிட்டு, வரவைப் பற்றிப் பிறகு பேசட்டும்.

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. மும்பையில் சாபு சித்தீக் முஸாபிர்கானா, கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்ற தலைமுறைக்கு வீடாக இருந்தது. சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே உள்ள சித்தீக் சராயில் ஓரிரவு தலைசாய்த்த தென் மாவட்டத்துப் பெரியவர்கள் இன்றும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். மதுரையில், மருத்துவமனைக்கு நடந்து செல்லும் தூரத்தில், சாதி சமயம் பாராமல் நோயாளியின் வீட்டார் தங்குவதற்கு நாலு அறை கட்டிக் கொடுப்பது, விருதுநகர் மாவட்டத்து ஜமாஅத்துகள் ஒன்றுகூடினால் இயலாத காரியமா? திருமண மண்டபத்துக்குப் பளிங்கு பதிப்பதில் நாம் காட்டுகிற வேகத்தில் பாதி போதும். ஸகாத் நிதியைக் கட்டடத்துக்குச் செலவிடலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதால், இதற்கு ஸதகாவும் வக்ஃபும்தான் தோதானவை. கையில் பொருளின்றித் தவிக்கும் வழிப்போக்கரின் அன்றாடச் செலவுக்கு ஸகாத்திலிருந்து கொடுப்பதில் அந்தச் சிக்கல் இல்லை.

இனி, அடுத்த முறை வெளியூரில் அறை எடுக்கும் வாசகர்களுக்கு ஒரு சிறு செய்தி. விடுதிக்காரர் தரும் சீட்டை வாங்கிப் பாருங்கள். வரி தனியே காட்டப்பட்டிருந்தால், அதே சீட்டில் பதினைந்து எழுத்துகளும் எண்களும் கலந்த பதிவு எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு விகிதம் 5 சதவீதம். பழைய 12 ஐ இன்னும் எழுதுகிறவர்கள் இருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். பதிவு செய்துகொள்ளாத சிறிய விடுதி உங்களிடம் இந்த வரியை வாங்க முடியாது. எண் இல்லாத சீட்டில் வரி என்றொரு வரி எழுதியிருந்தால், அந்தத் தொகையை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.